சில்லறை இல்லையா... நாமே அச்சடிப்போம்! ஜெர்மன் ஊர்கள் வெளியிட்ட அவசர நோட்டுகள்

'சில்லறை இல்லை, சாக்லேட் தரட்டுமா?' என்று கடைக்காரர் கேட்டால் நமக்குக் கோபம் வரும். முதல் உலகப் போர்க் காலத்திலும், 1918-ல் போர் முடிந்த பிறகும் ஜெர்மனி முழுக்கவே சில்லறைக்குத் திண்டாட்டம். வெள்ளிக் காசுகளை மக்கள் வீட்டில் பதுக்கிவிட்டார்கள். செம்பும் நிக்கலும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டன. ரொட்டி வாங்க வந்தவருக்கு மீதி கொடுக்கக் கடையில் காசில்லை.

தலைநகர் பெர்லினை நம்பிக் காத்திருக்காமல், ஊர் நிர்வாகங்களே சின்னச் சின்ன நோட்டுகளை அச்சடித்தன. அவற்றின் பெயர் 'நோட்கெல்ட்'. நம் ஊர் 'நோட்டு' என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மன் மொழியில் 'நோட்' என்றால் நெருக்கடி, 'கெல்ட்' என்றால் பணம். 10, 25, 50 ஃபெனிக் (100 ஃபெனிக் சேர்ந்தது 1 மார்க்) எனக் காசுக்கு மாற்றாக வந்தவை இவை. பெரும்பாலும் அந்த ஊர்ப் பக்கம்தான் செல்லும். கெடு தேதி முடிந்தால் வெறும் காகிதம்.

1920-க்குப் பிறகுதான் விஷயம் சூடுபிடித்தது. குழல் ஊதி எலிகளை அழைத்துச் சென்றவனின் கதையை நோட்டில் போட்டது ஹாமெல்ன் நகரம். துணி நெசவுக்குப் பேர்போன பீலஃபெல்டில் பட்டிலும் லினனிலும் நோட்டு! மைசெனில் பீங்கானிலேயே காசு செய்தார்கள். சேகரிப்பவர்கள் இவற்றை செட் செட்டாக வாங்கிக் குவித்தார்கள்.

இங்கேதான் ஊர்களுக்கு ஆசை வந்தது. 50 ஃபெனிக் நோட்டை ஒருவர் அதே விலைக்கு வாங்கி ஆல்பத்தில் வைத்துவிட்டால், ஊர் அந்தப் பணத்தைத் திருப்பித் தரவே வேண்டாம். அச்சுக்கூலி போக மிச்சமெல்லாம் லாபம். 75 ஃபெனிக் நோட்டுகூட வந்தது. அந்த மதிப்பில் காசே கிடையாது! கடைப் பக்கமே வராமல் விற்றுத் தீர்ந்த செட்டுகளும் உண்டு. அந்தக் கட்டத்தில் சில்லறைத் தட்டுப்பாடு என்பது பாதி சாக்குதான்.

1922 ஜூலையில் இதற்கு அரசு தடை போட்டது. ஆனால் 1923-ல் விலைவாசி தறிகெட்டு ஏறியபோது, அரசு வங்கியால் அச்சடித்து மாளவில்லை. ஊர்களும் தொழிற்சாலைகளும் ரயில்வேயும் மறுபடி நோட்டு போட்டன. இம்முறை ஃபெனிக்கில் அல்ல, கோடிகளில். சம்பளம் கைக்கு வந்ததும், விலை ஏறுவதற்குள் பொருள் வாங்கக் கடைக்கு ஓடினார்கள் மக்கள். நவம்பரில் 'ரென்டன்மார்க்' என்ற புதுப் பணம் வந்தது. 1 ரென்டன்மார்க்குக்கு 1 லட்சம் கோடி பழைய மார்க்! வாழ்நாள் சேமிப்பை மார்க்கில் வைத்திருந்த குடும்பங்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆல்பத்தில் பத்திரமாக இருந்த நோட்டுகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. காகித நோட்டுகள் ஏராளமாக அச்சானதால் பல மலிவாகவே கிடைக்கும். கிராக்கியெல்லாம் பீலஃபெல்டின் பட்டு நோட்டு போன்றவற்றுக்குத்தான்.