கண்ணுக்குப் புலனாகா ஒளி

வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியலறிஞர் 1781 இல் யுரேனசுக் கோளைக் கண்டறிந்து புகழெய்தியவர். பின்னர் அவர் சூரியனை நோக்குவதற்காகத் தொலைகாட்டியில் நிறக் கண்ணாடிகளைப் பொருத்தியபோது ஒரு விந்தையை உணர்ந்தார். சில கண்ணாடிகள் ஒளியை மிகக் குறைத்தன. ஆயினும் வெப்பத்தைத் தடுக்கவில்லை. இதன் காரணத்தை அறிய விரும்பிய அவர், 1800 இல் சூரிய ஒளியை அரியத்தினூடாகச் செலுத்தி, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், நிறமெதுவும் தோன்றாத இடத்தில் வைத்த வெப்பமானியே மிகுதியாக உயர்ந்தது. இவ்வாறு அறியப்பட்டவையே செந்நிறக்கீழ்க் கதிர்கள்.

இக்கதிர்களைத் தரும் விளக்கொன்றை வீட்டிலேயே ஆக்கலாம். இழை மின்குமிழ் ஒன்று, ஒரு தகரப் பெட்டி, ஒரு வடிகட்டி ஆகிய மூன்றும் போதும். மின்குமிழின் இழை வெண்ணிறமாய் ஒளிர்வது போலத் தோன்றினும், அது வெளிவிடும் சத்தியிற் பத்திலொரு பங்குக்கும் குறைவானதே கண்ணுக்குப் புலனாகும். எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி செந்நிறக்கீழ்க் கதிர்களே. ஆகவே புதிதாக எதனையும் உண்டாக்க வேண்டியதில்லை. புலனாகும் ஒளியை மறித்தாற் போதும்.

இதற்கு நாடக மேடை விளக்குகளுக்கு இடும் நிறத் தாள்கள் ஏற்றவை. கடுஞ்சிவப்புத் தாள் நீலத்தையும் பச்சையையும் மறிக்கும். கடுநீலத் தாள் சிவப்பின் பெரும்பகுதியை மறிக்கும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஏறக்குறைய இருளே தோன்றும். ஆனால் இத்தாள்களின் சாயங்கள் ஏறத்தாழ 700 நனோமீற்றருக்கு மேற்பட்ட அலைநீளங்களைப் பெரிதும் தடுப்பதில்லை. ஒளிபடாமற் கழுவப்பட்ட வண்ணச் சிலைட்டுப் படச்சுருளின் கரிய பகுதியும் இவ்வாறே பயன்படும். கறுப்பு வெள்ளைப் படச்சுருள் இதற்கு உதவாது. அதிலுள்ள வெள்ளித் துகள்கள் இக்கதிர்களையும் மறித்துவிடும்.

பெட்டியில் 12 வோல்ற்றுச் சிறு மின்குமிழைப் பொருத்திப் பற்றரியுடன் இணைக்க வேண்டும். வெப்பம் வெளியேறப் பெட்டியின் பின்புறத்தே துளைகள் வேண்டும். ஒளி கசியாதவாறு அவற்றை மறைத்தல் நன்று. வடிகட்டி மின்குமிழிலிருந்து சில அங்குலம் விலகியிருத்தல் அவசியம், அன்றேல் உருகிவிடும்.

இருட்டறையில் இவ்விளக்கை ஏற்றிக் கைத்தொலைபேசியின் கமராவால் நோக்கலாம். தொலைக்காட்சியின் தொலைவியக்கியை அழுத்தும்போது அதன் முனையில் எந்தக் கமரா ஒளிப்பொட்டைக் காட்டுகிறதோ அதுவே இதற்கு ஏற்றது. அக்கமராவிற் சில கறுப்புத் துணிகள் வெளிறித் தோன்றும். சில பேனா மைகள் மறைய, பென்சிற் கோடுகள் மட்டும் எஞ்சும்; மையின் சாயத்தைக் கடந்து செல்லும் கதிர்கள் கரியைக் கடப்பதில்லை. திருத்தப்பட்ட ஆவணங்களை ஆராய்வோரும், பழைய ஓவியங்களின் அடியில் மறைந்த வரைகோடுகளைத் தேடுவோரும் கையாள்வது இதே முறையே.

இவ்விளக்கு புகட்டும் பாடங்களுள் ஒன்று உயிரனையது. கருமையாகத் தோன்றுவதெல்லாம் காப்பன்று. 2010 சனவரி 15 இலும் 2019 டிசம்பர் 26 இலும் வட இலங்கையில் வளையச் சூரிய கிரகணம் தோன்றியது. இத்தகைய நாட்களிற் பழைய வண்ணப் படச்சுருளைக் கண்முன் பிடித்துச் சூரியனை நோக்கும் வழக்கம் பல நாடுகளிலும் இருந்துவந்துள்ளது. ஒளி மங்கலாதலாற் கண் கூசுவதில்லை, இமை மூடுவதில்லை, கண்மணியோ இருளிற்போல விரிந்து நிற்கும். அவ்விரிந்த வாயிலினூடே செந்நிறக்கீழ்க் கதிர்கள் தடையின்றி உட்புகும். விழித்திரைக்கு நோவை உணரும் நரம்புகள் இல்லை. ஆதலால் அது கருகுவதைப் பார்ப்பவர் அறியார். பார்வை குன்றிய பின்னரே தீங்கு தெரியவரும்.

எனவே, இவ்விளக்கைச் செய்யும் மாணவர் அதனுள் உற்றுநோக்காது, சுவரில் அல்லது பொருளிற் படவிட்டுக் கமரா வழியாகவே காணவேண்டும். அவ்வடிகட்டியினூடாகச் சூரியனை ஒரு கணமும் நோக்கலாகாது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் வெப்பமானி உணர்த்திய உண்மை இன்றும் அதுவே: கண் காணாத இடத்திலும் கதிர் உண்டு.