திரையிலிருந்து கைக்கு

சித்தன்னவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் அன்னவாசலில், ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுவதாக வைத்துக்கொள்வோம். பெயர், வயது எல்லாம் கணினியில் நிரப்பியாயிற்று. பணம் கட்டும் கட்டத்தில் திரையில் ஒரு கியூஆர் கோடு வருகிறது. செல்போனில் ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை அழுத்தியதும், கணினித் திரை தானாக மாறி டிக்கெட்டைக் காட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே வயரும் இல்லை, புளூடூத்தும் இல்லை. பிறகு எப்படி?

திரையிலிருந்து செல்போனுக்குப் போனது வெளிச்சம் மட்டும்தான். 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹராவின் குழு, வாகன உதிரிபாகங்களைக் கணக்கில் வைக்க உருவாக்கியது இந்தக் கோடு. மூன்று மூலைகளில் இருக்கும் சதுரங்களைப் பாருங்கள். அவற்றின் நடுவே எந்தத் திசையில் நேர்க்கோடு இழுத்தாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற அளவில்தான் மாறி மாறி வரும். அச்சிட்ட காகிதங்களில் இந்த விகிதம் மிக அரிது என்று தேடிப் பார்த்துத்தான் ஹரா குழு அதைத் தேர்ந்தெடுத்தது. அதனால்தான் சாய்த்துப் பிடித்தாலும் கேமரா கோட்டைக் கண்டுபிடித்துவிடுகிறது. அழிந்த பகுதியைக் கணக்குப் போட்டு மீட்கும் வசதியும் உண்டு. கோடு தயாரிக்கும்போது தேர்ந்தெடுத்த நிலையைப் பொறுத்து 7 முதல் 30 சதவீதம் வரை சேதத்தைத் தாங்கும்.

அதற்குள் இருப்பது பணமல்ல, ஒரு துண்டுச்சீட்டு: பெறுபவரின் யுபிஐ முகவரி, பெயர், தொகை, இந்த டிக்கெட்டுக்கான எண். டீக்கடையில் ஒட்டியிருக்கும் கோட்டில் பொதுவாகத் தொகை இருக்காது; அதனால்தான் அங்கே நாமே அடிக்கிறோம். திரையில் வரும் கோடு இந்த ஒரு டிக்கெட்டுக்காகவே உருவானது.

திரும்பும் வழிதான் வேடிக்கை. செல்போன் கணினியோடு பேசுவதே இல்லை. பணம் கட்டிய செய்தி வங்கிகளைச் சுற்றி, டிக்கெட் எண்ணோடு இணையதளத்தின் சர்வருக்குப் போகிறது. அதுதான் திரையை மாற்றுகிறது. ஒரு முழம் தள்ளியிருக்கும் திரைக்குப் பதில் ஊரெல்லாம் சுற்றி வருகிறது.

இந்தச் சுற்றில் லாபம் நமக்குத்தான். பலர் கைபடும் கணினியில் நம் ரகசிய எண்ணைத் தட்டவே இல்லை. யுபிஐ செயலி பதிவின்போதே நம் சிம்மோடு கட்டப்பட்டது. சாவி நம் கையை விட்டுப் போகவில்லை.

2015-இல் வந்த வாட்ஸ்ஆப் வெப்பும் கணினியில் கோட்டைக் காட்டிச் செல்போனின் சம்மதத்தைக் கேட்கிறது. ஆபத்தும் அங்கேதான். முன்பின் தெரியாதவர் அனுப்பிய கோட்டை நம் செல்போனின் வாட்ஸ்ஆப்பில் ஸ்கேன் செய்தால், நம் உரையாடல்கள் அவர் கணினியில் திறந்துகொள்ளும். யுபிஐயிலும் கவனம் தேவை: பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ ரகசிய எண் போடவோ தேவையே இல்லை. "பணம் அனுப்புகிறேன், இதை ஸ்கேன் பண்ணுங்க" என்று யார் சொன்னாலும் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.