கரையோரக் கடலில் கப்பல் விபத்து: இடர்நேர்வை மதிப்பிடுதல்

மாணவர்களே, இத்தலைப்பில் வினா வரும்போது பலர் விபத்துக்கான காரணங்களை மட்டும் எழுதி நிறுத்திவிடுகின்றனர். அது பாதி விடையே. பின்வரும் தொடர்பை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

இடர்நேர்வு = நிகழ்தகவு × விளைவின் அளவு

1. நிகழ்தகவு
விபத்து நேர்வதற்கு எவ்வளவு வாய்ப்புண்டு என்பதாகும். கப்பல்களின் எண்ணிக்கை, பாதைகள் குறுக்கிடும் இடம், கடலின் ஆழம், காற்று, அலை, கப்பலின் நிலை, மாலுமிகளின் பயிற்சி என்பன இதனைத் தீர்மானிக்கும்.

2. விளைவு
விபத்து நேர்ந்தால் இழப்பு எவ்வளவு என்பதாகும். சரக்கின் தன்மை, கரையிலிருந்தான தூரம், காற்று வீசும் திசை, பவளப்பாறைகள், கரையோர மக்களின் தொழில் என்பவற்றை நோக்க வேண்டும்.

இரு உதாரணங்களை ஒப்பிடுவோம்.

(அ) நியூ டயமண்ட்: 2020 செப்ரெம்பர் 3 இல் இலங்கையின் கிழக்குக் கடலில் தீப்பற்றியது. மாலுமி ஒருவர் இறந்தார். கப்பலில் ஏறத்தாழ 270,000 தொன் மசகெண்ணெய் இருந்தது. தீ அணைக்கப்பட்டது, அச்சரக்கு கடலிற் கலக்கவில்லை.

(ஆ) எக்ஸ்பிரஸ் பேர்ள்: 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்தபோது தீப்பற்றி, யூனில் மூழ்கியது. 1,486 கொள்கலன்கள் இருந்தன. நைத்திரிக்கமிலக் கசிவு, கப்பல் கொழும்பை அடையுமுன்னரே அறியப்பட்டிருந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமாகையால் பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரையில் குவிந்தன. மீன்பிடி தடைசெய்யப்பட்டது, மீனவர் வருமானம் இழந்தனர்.

இவற்றிலிருந்து பெறப்படுவன:
• சரக்கின் நிறையை மட்டும் கொண்டு விளைவை அளக்க முடியாது. அதன் தன்மையும் கரையின் அண்மையும் முக்கியம்.
• "எண்ணெய் கலக்கவில்லை, ஆகவே இடர்நேர்வு இருக்கவில்லை" என எழுதுவது தவறு. இடர்நேர்வு மதிப்பிடப்படுவது விபத்துக்கு முன்னராகும். நிகழ்தகவு குறைவாயினும் விளைவு பெரிதாயின் இடர்நேர்வும் பெரிதாகலாம்.

தணிக்கும் வழிகளையும் இரண்டாகப் பிரித்தெழுதுங்கள். எதிரெதிரே செல்லும் கப்பல்களுக்குத் தனித்தனிப் பாதை வகுப்பது நிகழ்தகவைக் குறைக்கும். மிதவைத் தடுப்புகளையும் தீயணைப்பு இழுவைப் படகுகளையும் ஆயத்தமாக வைத்திருப்பது விளைவைக் குறைக்கும். இழப்பைச் சுமப்பவர் கரையில் வாழும் மீனவரே. அவரை விட்டுவிட்டு எழுதும் மதிப்பீடு முழுமையடையாது.

பயிற்சி வினா: ஒரே கப்பல் மே மாதத்தில் மேற்குக் கரைக்கு அப்பாலும் கிழக்குக் கரைக்கு அப்பாலும் விபத்துக்குள்ளாவதாகக் கொண்டு, விளைவுகள் வேறுபடும் விதத்தை விளக்குக.