வங்கியின் சட்டத்தரணி யாருக்காக உறுதி பார்க்கிறார்?

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிக் கடைத்தெருக்களில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை ஒன்று உண்டு. "வங்கியே உறுதியைப் பார்த்துக் கடன் தந்துவிட்டது. இனி நமக்கென்ன பயம்?" வீடு வாங்கும் நமது வர்த்தகச் சகோதரர்கள் பலர் இந்த நம்பிக்கையில்தான் கையெழுத்து வைக்கிறார்கள். கொழும்பிலிருந்து வரும் துணிக்கட்டை அவிழ்த்து முழம் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதவர்கள், வாழ்நாள் உழைப்பைப் போடும் வீட்டு விடயத்தில் இப்படி இருக்கலாமா? அதைப் பற்றித்தான் இவ்வாரம் எழுதுகிறேன்.

முதலில் நடைமுறையைப் பார்ப்போம். வீட்டுக் கடன் தரும் ஒவ்வொரு வங்கியும் தான் அங்கீகரித்த சட்டத்தரணிகளின் பட்டியலொன்றை வைத்திருக்கிறது. அரச ஈட்டு முதலீட்டு வங்கியானாலும் தனியார் வங்கியானாலும் வழமை இதுதான். 2011 இல் தொழிற்படத் தொடங்கிய அமானா வங்கி போன்ற வட்டியில்லா நிறுவனங்களும் உறுதி பார்க்காமல் பணம் விடுவதில்லை. பட்டியலிலுள்ள சட்டத்தரணி வழமையாகக் கடந்த 30 வருட உரித்தை ஆராய்ந்து வங்கிக்கு அறிக்கை கொடுப்பார். பிறகு ஈட்டு முறியையும் எழுதுவார். கட்டணம் நமது பையிலிருந்து போகிறது. அறிக்கை போவது வங்கிக்கு.

அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். ஆனாலும் அவரிடம் வங்கி கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "நாம் கொடுக்கும் பணத்துக்கு இந்தக் காணி ஈடாகுமா?" நாம் கேட்க வேண்டிய கேள்வி இதைவிடப் பெரியது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டின் விலை 60 இலட்சம். வங்கி 40 இலட்சம் தருகிறது, நாம் 20 இலட்சம் போடுகிறோம். நாளை வீட்டில் மூன்றிலொரு பங்குக்கு வேறொருவர் வழக்குப் போட்டு வென்றால் முதலில் போவது நமது 20 இலட்சம். மிச்சக் காணியும், நமது பிணையாளிகளும், நமது கையெழுத்தும் வங்கிக்கு இருக்கின்றன. வழக்கு நடக்கும் காலத்திலும் மாதத் தவணை நிற்காது. தவணை தவறினால், 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ், அது பொருந்தும் கடன்களுக்கு, நீதிமன்றம் போகாமலே வங்கி ஈட்டை ஏலத்தில் விடவும் முடியும்.

இங்கிலாந்தில் உள்ள உறவினரிடம் கேட்டால் அங்கே வேறு விதமாகச் சொல்வார்கள். அங்கு வீடு வாங்கும்போது ஒரே சட்டத்தரணி வாங்குபவருக்கும் வங்கிக்கும் சேர்த்து வேலை செய்வது வழக்கம். அதனால் வாங்குபவர் தாம் தெரிவு செய்யும் சட்டத்தரணி வங்கியின் பட்டியலில் இருக்கிறாரா என்று முதலிலேயே பார்த்துக்கொள்வார். அவர் இருவருக்கும் பொறுப்புச் சொல்ல வேண்டியவர். நமது ஊரில் வங்கியின் சட்டத்தரணியிடம் அந்தப் பொறுப்பை நாம் வாயால் கேட்டு, எழுத்தில் வாங்கினால்தான் உண்டு.

நமது பகுதியின் முடிச்சுகள்

வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி வாழ்பவர்கள் நாம். இங்குள்ள உறுதிகளில் கொழும்பில் இல்லாத முடிச்சுகள் உண்டு.

முதலாவது சீதன வீடு. கிழக்கில் வீடு பெண்ணுக்கு என்பது நமது பழக்கம். தாய் மகளுக்கு வீட்டை வாயால் சொல்லிக் கொடுத்துவிட்டு மௌத்தாகிப் போவதும் நடக்கிறது. ஆனால் காணியைக் கைமாற்ற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் எழுதிய உறுதி வேண்டும் என்று 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. உறுதி இல்லாவிட்டால் 1931 இன் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி அந்த வீடு எல்லா வாரிசுகளுக்கும் போகும். கணவருக்கு நாலிலொன்று, மீதியில் மகனுக்கு மகளைப்போல் இரண்டு பங்கு, தாயின் பெற்றோர் உயிரோடிருந்தால் அவர்களுக்கும் பங்கு. இருபது வருடம் அந்த வீட்டில் குடியிருந்த மகள் விற்க வரும்போது, கட்டாரிலிருக்கும் தம்பியின் கையெழுத்தும் தேவைப்படுவது இதனால்தான்.

நன்கொடை உறுதி இருந்தாலும் முழுவதையும் வாசியுங்கள். நன்கொடையை மீளப்பெற முடியாது என்று உறுதியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாவிட்டால் அதை அப்படிக் கொள்ள முடியாது என்று அதே 1931 சட்டம் சொல்கிறது. சில உறுதிகளில் தாய்க்குச் சீவிய உரித்து ஒதுக்கப்பட்டிருக்கும். அப்படியானால் தாயும் வந்து கையெழுத்திட வேண்டும்.

இரண்டாவது அரச காணி. படுவான்கரையிலும் ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பக்கத்திலும் அனுமதிப்பத்திரக் காணிகளும் அளிப்புக் காணிகளும் ஏராளம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதமின்றிக் கைமாற்றினால் அது செல்லாது. வெறும் கடதாசியில் எழுதி வாங்கியவருக்கு எந்த வங்கியும் கடன் தராது, வாங்கியதும் சட்டத்தில் நிற்காது.

மூன்றாவது, இழப்புகளின் சுவடு. 1990 இன் இடப்பெயர்விலும் 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் உறுதிகளை இழந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். உறுதி தொலைந்தாலும் வழி உண்டு. நொத்தாரிசிடம் ஒரு பிரதியும் காணிப் பதிவகத்தில் ஒரு பிரதியும் இருக்க வேண்டும். ஆனால் விற்பவர் மூல உறுதி இல்லை என்றால், அது உண்மையிலேயே தொலைந்ததா, வேறெங்காவது ஈடாகக் கிடக்கிறதா என்று விசாரிக்காமல் விடக்கூடாது. கடலோரக் காணியானால் இன்னொன்றையும் பாருங்கள். கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றருக்குள் கட்டடம் எழுப்ப அனுமதி வேண்டும்.

என்ன செய்யலாம்?

கடன் விண்ணப்பம் கொடுக்கும் நாளிலேயே வங்கியிடம் அங்கீகரித்த சட்டத்தரணிகளின் பட்டியலைக் கேளுங்கள். தெரிவு செய்ய இடமிருந்தால் மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் நாளாந்தம் வேலை உள்ளவரை, நமது சீதன வழக்கம் தெரிந்தவரைப் பிடியுங்கள். விற்பவரின் குடும்ப நொத்தாரிசாக இருப்பவர் வேண்டாம்.

அவரிடம் நேரே கேளுங்கள். உரித்து அறிக்கையின் பிரதி எனக்குக் கிடைக்குமா? வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டார்களா? ஈடு, வழக்கு, சீவிய உரித்து ஏதும் பதிவில் உண்டா? அளவைப் படத்திலுள்ள எல்லையும் தரையிலுள்ள வேலியும் ஒன்றா? பதில் சொல்லத் தயங்கினால், அல்லது "நான் வங்கிக்கு மட்டும்தான்" என்றால், உங்களுக்கென ஒரு சட்டத்தரணியை அமர்த்துங்கள். அந்தக் கட்டணம் வீட்டு விலையில் மிகச் சிறிய பங்கு.

அறிக்கை வருமுன் பெரிய முற்பணம் கொடுக்காதீர்கள். கொடுக்கத்தான் வேண்டுமானால் நொத்தாரிசு முன்னிலையில் உடன்படிக்கை எழுதி, உரித்தில் குறை கண்டால் பணம் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1840 சட்டம் காணி வாங்கும் உடன்படிக்கைக்கும் பொருந்தும். தேநீர்க் கடையில் எழுதிய துண்டுச் சீட்டை வைத்து யாரையும் விற்கச் செய்ய முடியாது.

கையெழுத்திடும் நாளுக்கு முன் பதிவேட்டை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, நமது உறுதி பதியப்படாமல் கிடக்க, நமக்குப் பின் அதே காணியைப் பெறுமதி கொடுத்து வாங்கியவர் முந்திப் பதிந்துவிட்டால் அவர் பக்கமே சட்டம் சாயும். மோசடியோ கூட்டுச்சதியோ நடந்ததென்று காட்டினால்தான் நமக்கு வழி, அதைக் காட்டப் பல வருடம் நீதிமன்றம் ஏற வேண்டிவரும். ஆகவே உறுதியை எழுதிய கையோடு பதிய வையுங்கள். பதிவு இலக்கத்தை நீங்களே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசித் தவணை கட்டிய பிறகும் வேலை ஒன்று மிச்சமிருக்கிறது. ஈட்டிலிருந்து விடுவிக்கும் உறுதியை எழுதிப் பதியாவிட்டால் பதிவேட்டில் வீடு இன்னும் வங்கியின் ஈட்டிலேயே இருக்கும். மகளுக்கு எழுதிக் கொடுக்கப் போகும் நாளில்தான் அது தெரியவரும். அந்த உறுதியையும் மூல உறுதியையும் வங்கியிலிருந்து கையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதோடு, அந்த வீட்டை மகளுக்குக் கொடுக்க நினைத்திருந்தால் வாயால் சொல்லி வைக்காமல் உறுதி எழுதிப் பதிந்துவிடுங்கள். நாளை அந்த வீட்டை வாங்க வரும் இன்னொரு வியாபாரி, நாம் இன்று படும் பாடு படாமலிருப்பார்.