எத்தனை 'அர்ஜுனா' தூரத்தில் இடி?

சித்திரை மாதத்து மத்தியானம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நாலு மணி வாக்கில் மேற்கே கருகருவென்று ஒரு மேகம் ஏறுகிறது. காற்று சட்டென்று குளிர்கிறது. கொடியில் காயும் துணியை எடுக்க அம்மாக்கள் மாடிக்கு ஓடுகிறார்கள். கோடை மழை வரப்போகிறது!

என் சின்ன வயதில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய திருவிழா கிடையாது. பாட்டிக்குத்தான் வேலை அதிகம். டிவியின் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கச் சொல்வார், மெயினை அணைக்கச் சொல்வார், அரிவாளை எடுத்து முற்றத்தில் போடுவார். முதல் இடி இடித்ததும் நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்துவோம்: "அர்ஜுனா! அர்ஜுனா!"

ஒயரைப் பிடுங்கியது சரியான காரியம். ஆன்டெனா வழியாகவும் கரண்ட் கம்பி வழியாகவும் மின்னல் வீட்டுக்குள் வரும். அரிவாளால் ஒரு பயனும் இல்லை. தரையில் கிடக்கும் இரும்புத் துண்டு இடியை விரட்டாது. பாட்டியிடம் இதைச் சொல்லும் தைரியம்தான் யாருக்கும் இல்லை.

அர்ஜுனன்? அவரை வைத்து ஒரு கணக்கே போடலாம். மின்னலின் ஒளி கண்ணுக்கு வந்து சேர நேரமே ஆகாது. ஒலி அப்படியில்லை, நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் நகரும். ஒரு கிலோமீட்டர் கடக்க 3 நொடி. நிதானமாக 'அர்ஜுனா' என்று சொல்ல ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும் வரை 9 அர்ஜுனா சொன்னால், அது 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மழை உன்னை நோக்கி வருகிறது. ஆனால் எண்ணுவதெல்லாம் வீட்டுக்குள் இருந்துதான். இடிச் சத்தம் காதில் விழுகிறது என்றாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறாய். புளியமரத்தடியில் ஒதுங்காதே, குளத்தில் நின்றால் உடனே கரையேறு. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரலாம்.

மின்னல் பாயும் பாதை சில விரற்கடை அகலம்தான். அங்குள்ள காற்று கண்மூடித் திறப்பதற்குள் 30,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிவிடும். சூரியனின் மேற்பரப்பே 5,500 டிகிரிதான்! சூடான காற்று வெடித்து விரியும் சத்தமே இடி.

வெடிப்பது ஒரே கணம். பிறகு ஏன் இடி இழுத்து இழுத்து உறுமுகிறது? மின்னல் பல கிலோமீட்டர் நீளம். அதன் ஒரு முனை உன்னிடமிருந்து 1 கிலோமீட்டரிலும் மறு முனை 7 கிலோமீட்டரிலும் இருப்பதாக வைத்துக்கொள். முதல் சத்தம் 3 நொடியில் வந்துவிடும், கடைசிச் சத்தம் வர 21 நொடி ஆகும். நடுவில் 18 நொடி உறுமல்! பக்கத்திலேயே விழும் இடி மட்டும்தான் 'டமார்' என்று தொடங்கும்.

இவ்வளவு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? மேகத்தின் மேல்பகுதியில், நம் ஊர் மே மாதத்திலும்கூட, ஒரே பனிக்கட்டி. சின்னப் பனித்துகள்களும் குட்டி ஆலங்கட்டிகளும் மோதி உரசும்போது, தலை வாரிய பிளாஸ்டிக் சீப்பைப் போல மின்னேற்றம் பெறுகின்றன. லேசான துகள்கள் நேர் மின்னேற்றத்தோடு மேலே போகின்றன. கனமானவை எதிர் மின்னேற்றத்தோடு கீழே தங்குகின்றன.

எத்தனை வோல்ட் சேரும் என்பதை ஊட்டியில் அளந்தார்கள். அங்கே கிரேப்ஸ்-3 என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதுவதால் உண்டாகும் மியூவான் என்ற துகள்களை 3,712 இரும்புக் குழாய்களை வைத்து எண்ணுகிறார்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் கடந்தபோது 18 நிமிடம் மியூவான்கள் குறைந்தன. மேகத்தின் மின்சாரம் அவற்றின் ஆற்றலைத் தின்றுவிட்டது! எவ்வளவு குறைந்தது என்று பார்த்துக் கணக்குப் போட்டால் விடை 130 கோடி வோல்ட். உன் வீட்டு பிளக்கில் வருவது 230. இந்த முடிவு 2019-இல் வெளியானது. இத்தனைக்கும் அந்தக் குழாய்களை அங்கே வைத்தது மேகத்தை அளக்க அல்ல!