ஆங்கில வகுப்பில் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது?

ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடவேளை ஒன்றை எண்ணிப் பாருங்கள். கதையில் வரும் சிறுவன் சந்தைக்கு ஏன் சென்றான் என்று ஆசிரியர் கேட்கிறார். கடைசி வரிசை மாணவி எழுந்து, "ஹி கோ டு மார்க்கெட், பிகாஸ் ஃபாதர் சிக்" என்கிறாள். "கோ இல்லை, வென்ட்" என்று திருத்திவிட்டு ஆசிரியர் அடுத்தவரிடம் சென்றுவிடுகிறார். அவள் கதையைப் புரிந்துகொண்டிருக்கிறாள். காரணத்தை இணைக்கும் சொல்லையும் சரியாக வைத்திருக்கிறாள். ஆசிரியர் மனத்தில் பதிந்ததோ பிழை மட்டுமே.

உரையாடல்வழி மதிப்பீடு என்பது அந்த இடத்தில் இன்னொரு கேள்வி கேட்பதுதான். "தந்தை நலமாக இருந்திருந்தால்?" என்று கேட்டால், எந்த வாக்கிய அமைப்பு அவளுக்குக் கைவரவில்லை என்பதும், மறுநாள் எதை நடத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கேட்டபின் காத்திருக்கவும் வேண்டும். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடியே காத்திருக்கின்றனர் என்று அமெரிக்காவில் 1970களில் மேரி பட் ரோ கண்டறிந்தார். அது மூன்று நொடியானபோது விடைகள் நீண்டன. வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளராத முதல் தலைமுறை மாணவருக்கு அந்த இரண்டு நொடி பெரிது.

ஆனால் இம்முறை ஆசிரியரின் கண்ணையும் செவியையும் நம்பி நிற்கிறது. ரேமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வுக்காக, இந்தியாவில் விடைத்தாள் முகப்புகளில் சாதியைக் குலுக்கல் முறையில் குறித்து ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தனர். ஒடுக்கப்பட்ட சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்குச் சற்றே குறைந்த மதிப்பெண் கிடைத்தது. குறைத்தவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதி ஆசிரியர்களும் உண்டு என்பது கசப்பான செய்தி. முகமும் குரலும் அறியாத தாளுக்கே இந்நிலை. வாய்மொழித் தேர்வில் மறுமதிப்பீடு கோர விடைத்தாள்கூட மிஞ்சாது. வழக்கறிஞராக என்னை உறுத்துவது இதுவே.

கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, குழந்தை அச்சமின்றிக் கருத்துரைப்பதையும் தொடர் மதிப்பீட்டையும் அடுத்தடுத்த கூறுகளில் வைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆயினும் அச்சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல், பேச்சுக்கு மதிப்பெண் வழங்கும் பள்ளி எதுவாயினும், அளவுகோலை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். யாரிடம் எத்தனை முறை கேள்வி கேட்கப்பட்டது, என்ன விடை வந்தது என்று குறிப்பேடும் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்த அகரவரிசை இருக்கை முறை பின்பற்றப்பட்டால், கடைசி வரிசை யாருக்கு என்பதை ஆசிரியரின் விருப்பம் முடிவு செய்யாது. அரசுப் பள்ளிகளில் அந்தக் குறிப்பேட்டைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் கேட்டுப் பார்க்கலாம்.