கையடக்க விளையாட்டுக் கருவியும் கையடக்க விளையாட்டுக் கணினியும் – ஓர் ஒப்பீடு

தோற்றுவாய்

விருத்தாசலம் பீங்கான் பொம்மைக்குப் பெயர் பெற்ற ஊர். அதன் அண்டையூராகிய கருவேப்பிலங்குறிச்சியில் வாழும் நாம், மண்ணை வடிவாக்கும் வழிகள் இரண்டு என்பதை நன்கு அறிவோம். ஒன்று அச்சு, மற்றொன்று சக்கரம். அச்சு ஒரே வடிவத்தை விரைவாகவும் பிழையின்றியும் தரும். சக்கரம் வேண்டிய வடிவமெல்லாம் தரும். ஆயின் அதற்குக் காலமும் பயிற்சியும் மிகுதியாக வேண்டும். இன்று மாணவர் விரும்பும் இருவகை விளையாட்டுப் பொறிகளின் வேறுபாடும் இத்தகையதே. பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள பொருளைப் பிள்ளைகள் கேட்கும்போது, அது யாதெனப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. அதன் பொருட்டே இக்கட்டுரையை வரைகின்றோம்.

அச்சில் வார்த்தவை

1989ஆம் ஆண்டு சப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 'கேம் பாய்' என்னும் கருவியை வெளியிட்டது. அதன் திரையில் வண்ணமில்லை. நான்கு சாயல்களே உண்டு. அதே ஆண்டில் வந்த 'அட்டாரி லிங்க்ஸ்' வண்ணத்திரை உடையது; எனினும் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். கேம் பாயோ நான்கு பேட்டரிகளில் பத்து மணி நேரத்திற்கு மேல் இயங்கியது. வென்றது கேம் பாயே. வண்ணப் பதிப்பையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. அதனை உருவாக்கியவருள் தலையாயவர் குன்பெய் யோகோய். பழகி மலிந்த நுட்பத்தைப் புதுவழியில் பயன்படுத்துவதே அவர்தம் கொள்கை.

2017இல் வந்த 'ஸ்விட்ச்' கருவியும் இவ்வழியினதே. அனைவர் கையிலும் இருப்பது ஒரே அமைப்பு. ஆதலின் விளையாட்டை ஆக்குவோர் அதற்கேற்பச் செதுக்கித் தருகின்றனர். வாங்கியவர் ஏதும் திருத்த வேண்டுவதில்லை. ஆயின் அந்நிறுவனம் ஒப்புதல் அளித்தவற்றையே அதில் ஆடவியலும்.

சக்கரத்தில் வனைந்தவை

2022இல் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 'ஸ்டீம் டெக்' என்பதை வெளியிட்டது. லினக்ஸ் அடிப்படையில் இயங்கும் இது உண்மையில் ஒரு கணினியே. கணினிக்கென முன்னரே வாங்கிய விளையாட்டுகள் பலவற்றை இதிலும் ஆடலாம்; விசைப்பலகையும் பெரிய திரையும் இணைத்துக் கட்டுரையும் எழுதலாம். அது வெளிவந்தபோது விற்பனை நாடுகளின் பட்டியலில் இந்தியா இடம்பெறவில்லை. 2023இல் ஏசஸ் நிறுவனத்தின் விண்டோஸ் வகைப் பொறியான 'ராக் அலை' இந்தியாவில் ரூ.69,990 விலையில் விற்பனைக்கு வந்தது.

இவற்றின் குறை யாது? எடை ஒன்று. முதல் ஸ்விட்ச் ஏறத்தாழ 400 கிராம். ஸ்டீம் டெக் 669 கிராம். மின்செலவு மற்றொன்று. ஸ்டீம் டெக்கின் பேட்டரி 40 வாட்மணி. ஸ்விட்சினது 16 வாட்மணி. கொள்ளளவு இரண்டரை மடங்காயினும், கடினமான விளையாட்டில் ஸ்டீம் டெக் இரண்டு மணி நேர அளவே தாங்கும். பலவகைப் பணிக்கென அமைந்த பொறி மின்சாரத்தை மிகுதியாக உண்ணுதல் இயல்பு. மேலும், எல்லா விளையாட்டும் சிறுதிரைக்குப் பொருந்துவதில்லை. அமைப்புகளை ஆடுவோரே திருத்திக்கொள்ள நேரும்.

எது தக்கது?

இளஞ்சிறாரும், ஆட்டம் ஒன்றே வேண்டுவோரும் முதல் வகையை நாடலாம். கணினியை ஆராய்ந்து பழக விழைவோர்க்கு இரண்டாம் வகை இசையும். எதுவாயினும், நம் நாட்டில் முறையாக விற்கப்படாத பொருளை வாங்கினால், பழுதுற்ற நாளில் உத்தரவாதம் கைகொடாமற் போகலாம் என்பதை மறத்தலாகாது. படிப்பிற்கே கணினி இல்லாத இல்லத்தில், அத்தொகைக்குச் சாதாரண மடிக்கணினி வாங்குதலே அறிவுடைமை என்பது நம் கருத்து.

முடிவுரை

இப்பொறிகளின் மின்சுற்றில் மிகச் சிறிய பீங்கான் மின்தேக்கிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. நம் வட்டாரத்துச் சூளையில் வேகும் பொருளின் இனமே அங்கும் பணிபுரிகின்றது. பொறியை வாங்கி ஆடுவதோடு நில்லாமல், அதனுள் இருப்பது யாதென வினவும் மாணவர் நம்மிடையே பெருகுவாராயின், அவ்விளையாட்டும் கல்வியேயாகும்.